ஊர் திரும்பாத டாக்டர்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலே பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரி என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. 1920-களில் அங்கே ஓர் இந்தியர் இரவு நேரச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலச் சட்டிகளை எடுத்துச் சென்று கழுவி வைப்பது அவருடைய வேலை. அந்த வார்டுகளில் படுத்திருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். பகலில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மாணவர். இரவில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி தேடிச் சட்டி கழுவினார்.

இன்றைக்கு நம் குடும்பங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் போலிக் அமில மாத்திரை, யானைக்கால் நோய்க்கான மாத்திரை, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கும் மூட்டுவாதக்காரர்களுக்கும் கொடுக்கப்படும் மெத்தோடிரெக்ஸேட் மருந்து ஆகிய இத்தனைக்கும் பின்னால் நிற்பவர் அந்த இரவுச் சிப்பந்தி. அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை தேறியவர்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி கோதாவரிப் பகுதியிலுள்ள பீமவரத்தில் பிறந்தார். அந்நாளில் ஆந்திரமும் தமிழகமும் ஒரே சென்னை மாகாணம். தந்தை ரெவின்யூ இலாகாவில் சிறு உத்தியோகம் பார்த்தவர். உடல்நலக் குறைவால் முன்னதாகவே வேலையை விட்டுவிட்டார். வீட்டில் ஏழு குழந்தைகள். குடும்ப பாரம் தாயார் வெங்கம்மாவின் தலையில் விழுந்தது.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார். தாயார் விடவில்லை. பாதி வழியில் பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தோல்வி. மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் அவருடைய மனம் துறவறத்தை நாடியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்வதுதான் நோக்கமென்றால் அதற்கு வைத்தியமும் ஒரு வழிதானே என்ற எண்ணத்தோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். பின்னாளில் மாமனாராக வந்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் 1919-இல் மணந்துகொண்டார்.

கதர் அணிந்த குற்றம்

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். மாணவர் சுப்பாராவ் கதர் உடுத்தத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சைக்கான மேலங்கியும் கதரிலேயே தைத்துக்கொண்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாகவே எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒருபடி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. சென்னை மாகாண மருத்துவச் சேவையில் வேலை கேட்டார். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

வேலையில்லாத டாக்டருக்கு ஆயுர்வேதக் கல்லூரி ஒன்று இடம் கொடுத்தது. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திவந்த அந்தக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

இதே காலத்தில்தான் குடும்பத்தில் அந்தப் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியானார்கள். ஓயாத பேதி, வாய்ப்புண், தேய்ந்துகொண்டே போகும் உடம்பு, ரத்த சோகை ஆகியவை அந்த நோயின் அடையாளங்கள். உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டாமலே போய்விடும். அன்றைய மேல்நாட்டு வைத்தியத்தில் இதற்கு மருந்து கிடையாது. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார்.

பிழைத்தவருக்கு ஒரு கேள்வி மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. சகோதரர்களைக் கொன்றது எது? உடம்பில் எது குறைந்ததால் அவர்கள் இறந்தார்கள்? அதைக் கற்க மேல்நாடு போவதென்று முடிவு செய்தார். காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் கொடுத்த பணத்தில் கப்பலேறினார். அப்போது மனைவி கர்ப்பிணி. படித்து முடித்துத் திரும்பிவிடுவது என்பதுதான் ஏற்பாடு.

நீலம் சொன்ன ரகசியம்

ஹார்வர்டில் வெப்ப மண்டல நோய்களுக்கான டிப்ளமாப் படிப்பை முடித்தார். பிறகு அங்கேயே உயிர் வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்ற பேராசிரியரின் சோதனைக் கூடத்தில் சேர்ந்தார்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளப்பது அந்நாளில் பெரும்பாடு. பிஸ்கேயும் சுப்பாராவும் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டார்கள். சோதிக்க வேண்டிய திரவத்தில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால் நீலம் அழுத்தமாக இருக்கும். குறைவாக இருந்தால் வெளுத்திருக்கும். நீலத்தின் அழுத்தத்தை அளந்தால் பாஸ்பரஸின் அளவு தெரிந்துவிடும். 1925-இல் வெளியான இந்த முறை இருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. உலகெங்கும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இந்த முறையால் தசையைச் சோதித்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. தோன்றிய நீலம் அதே அளவில் நிற்கவில்லை. நேரம் ஆக ஆக அழுத்தமாகிக்கொண்டே போனது. வேறொருவராக இருந்தால் சோதனையில் ஏதோ பிழை என்று கொட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. தசைக்குள் எளிதில் உடையும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அது உடைய உடையப் பாஸ்பரஸ் வெளிவருகிறது என்று ஊகித்தார்கள். அந்தப் பொருளையும் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பாஸ்போ கிரியேட்டின். ஆண்டு 1927.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929-இல், ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்ற விஞ்ஞானியும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

இதயத்தின் சில்லறைக் காசு

ஏ.டி.பி. என்றால் என்ன? சட்டைப் பையிலிருக்கும் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளலாம். நாம் உண்ணும் சோறும் பருப்பும் பாங்கியில் போட்ட பணம் மாதிரி. பஸ் கண்டக்டர் கை நீட்டும்போது பாங்கிப் பணம் உதவாது. கையில் சில்லறை வேண்டும். தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் செலவாவது அந்தச் சில்லறையான ஏ.டி.பி.தான். அது தீர்ந்துபோகும் அவசரத்தில் உடனே மாற்றிக் கொடுக்க வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கும் ரொக்கம்தான் பாஸ்போ கிரியேட்டின்.

இதயமும் ஒரு தசைதான். மற்றத் தசைகளுக்கு ஓய்வு உண்டு. இதயத்துக்குக் கிடையாது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது. அதற்காக அது ஒரு நாளில் ஆக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி. சுமார் 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் கையிருப்பாக இருப்பதில்லை. கொஞ்சமாக இருப்பதே மறுபடி மறுபடி புதுப்பிக்கப்படுகிறது. ரத்தக் குழாய் அடைபட்டுப் பிராணவாயு நின்றால் இந்தப் புதுப்பித்தல் தடைப்படுகிறது. மாரடைப்பில் இதயத் தசை சாவதற்கு மூலகாரணம் இதுவே. நெஞ்சு வலி என்று போனவர்களுக்குப் பல ஆண்டுகள் செய்யப்பட்ட சி.பி.கே. ரத்தப் பரிசோதனையும் இதைச் சார்ந்ததுதான். பாஸ்போ கிரியேட்டினைக் கையாளும் நொதி, சேதமான தசையிலிருந்து ரத்தத்தில் கசிந்திருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள்.

தசையின் சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து பிறக்கிறது என்பது அதற்குமுன் இருந்த கொள்கை. தசை ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹாப் என்ற இருவரின் ஆராய்ச்சியில் ஊன்றியிருந்த கொள்கை அது. புதிய கண்டுபிடிப்புகளுக்குப் பின் அது நிற்கவில்லை.

இவ்வளவும் செய்தவருக்கு ஹார்வர்டு 1930-இல் பி.எச்டி. பட்டம் கொடுத்தது. ஆனால் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. கட்டுரைகளில் பிஸ்கேயின் பெயரே முதலில் வரும். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் வெளியுலகுக்குத் தெரியாமலே போய், பல ஆண்டுகள் கழித்துப் பிறரால் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று. அதற்குப் பிஸ்கேயின் பொறாமையே காரணமாக இருக்கலாம் என்று, அதே கூடத்தில் வேலை செய்து பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குறிப்பிட்டிருக்கிறார். சுப்பாராவ் அதற்காகச் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையே ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தது. அவர் கப்பலேறிய பிறகு பிறந்த ஆண் குழந்தை, ஒரு வயது நிறையுமுன்னே தோலில் பரவும் ஒரு தொற்று நோயால் இறந்துவிட்டது. தந்தை பார்க்காத பிள்ளை அது.

பம்பாய் ஆலைப் பெண்களும் ஒரு சத்தும்

1940-இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். பழைய கேள்வி அவரோடு கூடவே வந்திருந்தது. ஸ்ப்ரூ நோயில் குறையும் அந்தச் சத்து எது?

இந்தக் கதையின் ஒரு முன் அத்தியாயம் நாம் பிழைப்பு நடத்தும் இந்தப் பம்பாயில்தான் நடந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் இங்கே வந்தார். துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான ரத்த சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். பரேலிலுள்ள ஹாப்கின் நிலையத்திலும், நம் நீலகிரி குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் வேலை செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931-இல் வெளியிட்டார். சாற்றில் ஏதோ சத்து இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாயிற்று. அது என்ன என்பது தெரியவில்லை.

அந்தச் சத்துதான் போலிக் அமிலம். கீரையிலும் ஈரலிலும் அது மிகச் சொற்ப அளவில் உண்டு. சுப்பாராவின் குழுவினர் அதை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1945-இல் சோதனைக் கூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்தும் காட்டினார்கள். இனி மூட்டை மூட்டையாக ஈரல் வேண்டாம். மாத்திரையாகவே அடித்துக் கொடுக்கலாம்.

அதை அறிவித்த கட்டுரையில் 16 பேருடைய பெயர்கள் உள்ளன. தலைவரான சுப்பாராவின் பெயர் அகர வரிசைப்படி நடுவில் எங்கோ இருக்கிறது. தமக்குப் பிறர் செய்ததை அவர் தம்கீழ் வேலை செய்தவர்களுக்குச் செய்யவில்லை.

அமெரிக்க டாக்டர் டாம் ஸ்பைஸ் கியூபா தீவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது. ரத்தம் ஊறியது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து மருந்து வந்துவிட்டது. பிழைத்தவர்கள் எங்கோ கியூபாவில் இருந்தார்கள். பிழைக்க வேண்டியிருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

பூட்டுக்குப் பொருந்தாத சாவி

உடம்பில் புதிய அணுக்கள் உண்டாக வேண்டுமானால் டி.என்.ஏ. உருவாக வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் சிட்னி பார்பருக்கு இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. ரத்தப் புற்றுநோயில் கெட்ட அணுக்கள் அசுர வேகத்தில் பெருகுகின்றன. போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் அதன் வேலையைச் செய்யாத ஒரு போலிப் பொருளைக் கொடுத்தால், பூட்டில் தவறான சாவி மாட்டிக்கொண்டதுபோல் அணுக்களின் பெருக்கம் நின்றுவிடாதா?

அந்தப் பொருளைச் செய்து கொடுத்தது சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடம். டோரிஸ் சீகர் முதலான வேதியியலாளர்கள் அமினாப்டெரின் என்ற மருந்தைத் தயாரித்தார்கள். சாகும் தறுவாயிலிருந்த 16 குழந்தைகளுக்குப் பார்பர் அதைக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது நிரந்தரமான குணமல்ல. சில காலத்துக்கான நிவாரணமே. ஆனால் அதுவரை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையின் பெற்றோருக்குச் சொல்ல டாக்டர்களிடம் ஒரு வார்த்தைகூட இருந்ததில்லை. அந்தக் கட்டுரை 1948 ஜூன் மாதம் வெளிவந்தது. அதே வரிசையில் பிறந்த மெத்தோடிரெக்ஸேட் இன்றும் பயன்படுகிறது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே இதைச் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ஆபத்து. டாக்டர் எழுதிய நாளில், எழுதிய அளவில்தான் சாப்பிட வேண்டும்.

அதே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து 1947-இல் யானைக்கால் நோய்க்கான மருந்து வந்தது. ஹெட்ரசான் என்ற பெயரில் விற்கப்பட்ட அதை நாம் டி.இ.சி. மாத்திரை என்று அறிவோம். 2004 முதல் நம் அரசாங்கம் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய மாத்திரை அதுவே. அடுத்த ஆண்டு ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுதான் முதலாவது. பல்கலைக் கழகத்தில் ஓய்வு பெற்று 70 வயதைக் கடந்திருந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவர இயல் பேராசிரியர், லெடர்லியில் ஊர் ஊராக வந்த மண்ணைச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார். 1994-இல் சூரத்தில் பிளேக் பரவியபோது மக்கள் கடைகடையாகத் தேடி அலைந்த டெட்ராசைக்ளின் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

கடைசி ஆகஸ்டு

1948 ஆகஸ்டு மாதம். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து முதல் ஆண்டு நிறைய ஒரு வாரம் இருந்தது. நியூயார்க்கில் இரவு தூங்கப் போன சுப்பாராவ் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. இதயம் எந்தக் காசைச் செலவழித்துத் துடிக்கிறது என்று உலகுக்குச் சொன்னவரின் இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது.

அவர் ஊர் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி ஆந்திரத்தில் காத்திருந்தார். கப்பலேறிய நாளுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சந்திக்கவே இல்லை. அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகாமலேதான் அவர் அங்கே வாழ்ந்து முடித்தார். 1946 வரை இந்தியர்கள் குடியுரிமை பெற அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதையெல்லாம் விஞ்ஞானத்துக்காகச் செய்த தியாகம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தியாகத்தில் ஒரு பங்கு அந்த அம்மாளுடையது. அவரை யாரும் கேட்டுக்கொண்டு செய்ததல்ல அது.

அவர் இறந்த பின் ஒரு பூஞ்சைக் காளானுக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரை வைத்தார்கள். நூற்றாண்டை முன்னிட்டு 1995-இல் இந்தியத் தபால் இலாகா தபால் தலை வெளியிட்டது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஏ.டி.பி. பற்றிப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஊரில் வேலை கிடைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் நுழைந்து, இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து இருபது வருஷம் தங்கிப்போனவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்குச் சுப்பாராவின் வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கும் அந்தச் சத்து மாத்திரை அட்டையை அடுத்த முறை கையில் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். கம்பெனியின் பெயர் இருக்கும், தேதி இருக்கும். பீமவரத்துக்காரர் பெயர் இருக்காது. மாத்திரை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.